ஒரே வாரத்தில் உலகறிந்தவர்: இணையக் காணொளிகள் தரும் திடீர்ப் புகழ்

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவை ஒட்டிய மலைப்பகுதியில் வசித்துவந்த ஒருவர், வானத்தில் தோன்றிய இரட்டை வானவில்லைப் படம்பிடித்து 2010 ஜனவரியில் யூடியூபில் ஏற்றினார். மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல் ஓடும் அந்தக் காணொளியில் அவருடைய முகம் தெரியாது. வானவில்லும், அதைக் கண்டு வியந்து, கூவி, கடைசியில் தேம்பி அழுகிற அவருடைய குரலும் மட்டுமே இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதங்கள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் அதன் இணைப்பை ட்விட்டரில் பகிர்ந்தார். சில நாட்களுக்குள் பார்வைகள் பத்து லட்சத்தைத் தாண்டின. அந்த அழுகைக்கும் கூவலுக்கும் மெட்டமைத்து ஒரு பாடலாகவே ஆக்கி வெளியிட்டார்கள் ஓர் இசைக்குழுவினர். அதன்பின் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றிலும் அவர் தோன்றினார்.

ஜனவரியில் இருந்த அதே காணொளிதான் ஜூலையிலும் இருந்தது. அதில் ஒரு நொடிகூட மாறவில்லை. ஆகவே, சாதாரண மனிதர் ஒருவர் திடீரென்று உலகப் புகழ் பெறும்போது, அவருடைய காணொளியில் அப்படி என்ன இருக்கிறது என்று மட்டும் ஆராய்ந்தால் பாதி விடைதான் கிடைக்கும். அது எந்த வழியாக யார் கண்ணில் பட்டது, பார்த்தவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் மறுபாதி இருக்கிறது. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்: புகழ் முதலில் வந்து சேர்வது அந்தச் சில நொடிக் காட்சிக்குத்தான். அந்தக் காட்சியில் இருக்கும் மனிதருக்கு அது கைமாறுவது பிறகு நடக்கும் தனிக் கதை; பல நேரங்களில் நடக்காமலே போகிற கதையும்கூட.

கண்ணில் படாதவை

யூடியூபில் ஒவ்வொரு நிமிடமும் 500 மணி நேரத்துக்கும் மேற்பட்ட காணொளிகள் ஏற்றப்படுவதாக அந்நிறுவனம் சொல்லிவருகிறது. இவற்றையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுவையான ஒரு வழியில் விடை தேடினார்கள். யூடியூபில் ஒவ்வொரு காணொளிக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த, 11 குறிகளைக் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. கணினியைக் கொண்டு அத்தகைய அடையாளங்களைக் கண்மூடித்தனமாக ஏராளமாக உருவாக்கி, அவற்றில் எவையெவை உண்மையான காணொளிகளைத் திறக்கின்றன என்று பார்த்து, அகப்பட்டவற்றை மட்டும் அவர்கள் ஆராய்ந்தார்கள். யாருடைய விருப்பமும் பரிந்துரையும் கலக்காத அந்த மாதிரியைப் பார்வை எண்ணிக்கையின்படி வரிசைப்படுத்தியபோது, வரிசையின் நடுவில் நின்ற காணொளி ஏறத்தாழ 40 முறைதான் பார்க்கப்பட்டிருந்தது. அதாவது, ஏற்றப்படுபவற்றில் பாதி நாற்பது பார்வைகளைக்கூட எட்டுவதில்லை.

நமக்கு இது வியப்பாக இருப்பதற்குக் காரணம், நாம் திறக்கும் திரையில் அந்தக் காணொளிகள் வருவதே இல்லை என்பதுதான். கோடிக்கணக்கானவற்றில் தப்பி மேலே வந்தவற்றை மட்டுமே பார்த்துவிட்டு, "யார் வேண்டுமானாலும் ஒரே நாளில் புகழ் பெறலாம்" என்று சொல்லிக்கொள்கிறோம். யாருக்கு வேண்டுமானாலும் அது நேரலாம் என்பது உண்மைதான். எல்லோருக்கும் நேரும் என்று அதற்குப் பொருளில்லை.

இயந்திரம் நடத்தும் தேர்வு

இணையத்துக்கு முன்பு, முகம் தெரியாத ஒருவர் பலருக்கும் தெரிந்தவராக வேண்டுமென்றால், பத்திரிகை ஆசிரியரோ வானொலி நிலைய அதிகாரியோ திரைப்படத் தயாரிப்பாளரோ யாராவது ஒருவர் கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. 2005 ஏப்ரல் 23 அன்று யூடியூபில் முதல் காணொளி ஏறியபோது அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி பிறந்தது. 19 நொடிகளே ஓடும் அந்த முதல் காணொளியில், தளத்தை நிறுவிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம் சான் டியேகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, அவற்றின் தும்பிக்கை மிக நீளமாக இருப்பதைப் பற்றிப் பேசுகிறார். சொல்லிக்கொள்ளும்படியாக அதில் வேறு எதுவும் இல்லை. யாருடைய அனுமதியும் கேட்காமல் உலகுக்குக் காட்டலாம் என்பதுதான் அதில் இருந்த ஒரே புதுமை.

ஆனால் ஏற்றுவதற்கு அனுமதி தேவையில்லை என்றால், பார்க்க ஆள் கிடைத்துவிடுவார்கள் என்று ஆகிவிடாது. தொடக்க ஆண்டுகளில் ஒரு காணொளி பரவ வேண்டுமென்றால் அதன் இணைப்பை ஒருவர் மற்றவருக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், அல்லது யாராவது தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது ஏற்றியவருக்கு முன்பே சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். இன்றைய திடீர்ப் புகழின் பெரும்பகுதி இந்த மூன்று வழிகளிலும் வருவதில்லை. பார்ப்பவர் கேட்காமலேயே, "இது உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று தளமே எடுத்து நீட்டும் பரிந்துரைகளின் வழியாகத்தான் வருகிறது. யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் பரிந்துரைகளால் நிகழ்வது என்று அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் 2018 தொடக்கத்தில் தெரிவித்தார்.

இந்தப் பரிந்துரையைத் தீர்மானிக்கும் கணக்கீட்டு முறையைத்தான் பொதுவாக அல்காரிதம் என்கிறோம். அதன் நுணுக்கங்களை எந்த நிறுவனமும் முழுமையாக வெளியிடுவதில்லை என்றாலும், அடிப்படையைப் புரிந்துகொள்வது கடினமில்லை. புதிய காணொளி ஒன்று வந்ததும், அதைப் போன்றவற்றை விரும்பிப் பார்த்த சிலருக்கு முதலில் அது காட்டப்படுகிறது. அவர்கள் அதைக் கண்டதும் விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்களா, பாதியில் விடுகிறார்களா, முடிவுவரை பார்க்கிறார்களா, மறுபடியும் பார்க்கிறார்களா, நண்பர்களுக்கு அனுப்புகிறார்களா என்பதெல்லாம் பதிவாகின்றன. அந்தச் சிறு கூட்டம் நன்றாக வரவேற்றால், அதைவிடப் பெரிய கூட்டத்துக்குக் காட்டப்படுகிறது. அவர்களும் வரவேற்றால் இன்னும் பெரிய கூட்டத்துக்கு. ஏதோ ஒரு கட்டத்தில் வரவேற்பு தளர்ந்தால் அத்தோடு பயணம் நின்றுவிடும். நூற்றுக்கு நூறு காணொளிகளும் இந்தத் தேர்வை எழுதுகின்றன. முதல் சுற்றைத் தாண்டுபவை வெகு சில.

எதை அளக்கிறார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. தொடக்கத்தில் யூடியூப் முக்கியமாகச் சொடுக்குகளையும் பார்வைகளையும் கணக்கில் எடுத்தது. விளைவாக, கண்ணைக் கவரும் முகப்புப் படத்தை ஒட்டி ஆட்களை உள்ளே இழுத்துவிட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் ஏமாற்றும் காணொளிகள் பெருகின. 2012ஆம் ஆண்டில் அத்தளம், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முன்னுரிமை கொடுக்கும்படி தன் முறையை மாற்றிக்கொண்டது.

சாதாரண மனிதர்களுக்கு உண்மையான திருப்பம் குறுங்காணொளிகளோடு வந்தது. டிக்டாக் செயலியைத் திறந்ததும் வரும் முதன்மைத் திரையில், நாம் பின்தொடர்பவர்களின் காணொளிகளைவிட நமக்கு முற்றிலும் அறிமுகமில்லாதவர்களின் காணொளிகளே அதிகம் வரும். ஒருவருக்கு எத்தனை பேர் பின்தொடர்வோர் இருக்கிறார்கள் என்பதும், அவருடைய முந்தைய காணொளிகள் எவ்வளவு வெற்றி பெற்றன என்பதும் தங்கள் பரிந்துரையில் நேரடிக் காரணிகள் இல்லை என்று அந்நிறுவனம் 2020 ஜூனில் விளக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை விரிவாக அறிமுகப்படுத்தியது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் சோதனை முறையில் வந்தது. நேற்றுக் கணக்குத் தொடங்கியவரும் பத்தாண்டுகளாக இயங்குபவரும் அந்த முதல் சிறு கூட்டத்தின் முன் ஏறக்குறைய சமமாக நிற்கும் நிலை இப்படித்தான் உருவானது. பின்தொடர்வோரே இல்லாதவரின் முதல் காணொளி பத்து லட்சம் பேரை எட்டுவது இதற்கு முன்பு கிட்டத்தட்ட நடக்காத செயல்.

பார்வை எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு சொல். 2015 ஆகஸ்டுவரை யூடியூபில் வேகமாகப் பரவும் புதிய காணொளிகளின் எண்ணிக்கை அடிக்கடி 301 என்ற இலக்கத்தில் உறைந்து நிற்கும். கீழே ஆயிரக்கணக்கான விருப்பக்குறிகள் விழுந்திருக்க, மேலே 301 பார்வைகள் என்று காட்டும். அந்த அளவைத் தாண்டியதும், பார்ப்பவர்கள் மனிதர்கள்தானா, எண்ணிக்கையை உயர்த்த ஏவப்பட்ட நிரல்களா என்று சரிபார்க்கும்வரை எண்ணுவது நிறுத்திவைக்கப்பட்டதே காரணம். இன்று அந்த உறைநிலை இல்லை. ஆனால் "பார்வை" என்பது ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு விதமாக எண்ணப்படும் ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2025 மார்ச் இறுதியிலிருந்து யூடியூப் ஷார்ட்ஸில், காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வையாகக் கணக்கிடப்படுகிறது. விரலால் தள்ளும் வேகத்தில் கடந்துபோனவரும் அதில் அடங்குவார். ஒரு கோடிப் பார்வைகள் என்றால் ஒரு கோடிப் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று கொள்ளக்கூடாது.

ஒருவர் பார்த்தாலே போதும்

ஒருவர் பத்துப் பேருக்கு அனுப்ப, அந்தப் பத்துப் பேர் ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்ப, தொற்றுநோய்போல் காணொளி பரவுகிறது என்பது பலரும் மனத்தில் வைத்திருக்கும் சித்திரம். 2016இல் வெளியான ஓர் ஆய்வு அதைச் சற்றே திருத்தியது. சரத் கோயல், டங்கன் வாட்ஸ் உள்ளிட்டோர், ட்விட்டரில் பகிரப்பட்ட செய்திகள், படங்கள், காணொளிகள், கோரிக்கை மனுக்கள் என ஏறத்தாழ நூறு கோடிப் பகிர்வுகளை ஆராய்ந்தார்கள். பெரும் புகழ் அடைந்தவற்றின் புகழைப் பெரும்பாலும் தீர்மானித்தது, இடையில் எங்கோ ஓரிடத்தில் மிகப் பெரிய கூட்டத்தை வைத்திருந்த ஒருவரோ ஓர் ஊடகமோ அதை எடுத்துப் பகிர்ந்தது என்று அவர்கள் கண்டார்கள். ஆளிடமிருந்து ஆளுக்கு நீளும் சங்கிலி மட்டுமே காரணமாக இருப்பது அரிது. இரட்டை வானவில்லுக்கு ஜிம்மி கிம்மல் செய்தது இதைத்தான். இன்று அந்த வேலையைப் பரிந்துரை இயந்திரமும் செய்கிறது, கூட்டம் சேர்த்துவைத்திருக்கும் பிரபலங்களும் செய்கிறார்கள், செய்தி நிறுவனங்களும் செய்கின்றன. ஒன்று தொடங்கினால் மற்றவை தொடர்ந்து வருவது வழக்கம். டிக்டாக்கில் பரவியதை இன்ஸ்டாகிராமில் ஏற்றுவார்கள். அங்கே பார்த்த செய்தியாளர் அதைச் செய்தியாக்குவார். செய்தியைப் படித்தவர் மறுபடியும் மூலக் காணொளியைத் தேடிப் போவார்.

இந்தக் கணக்கு எதிலும் சேராமல் வந்த புகழும் உண்டு. பிலிப்பைன்ஸின் மணிலாவில் பிறருடைய பாடல்களை மேடையில் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்த ஆர்னெல் பினேடாவின் நிகழ்ச்சிகளை அவருடைய நண்பர் ஒருவர் யூடியூபில் ஏற்றிவந்தார். அவை கோடிக்கணக்கான பார்வைகளைப் பெற்றவை இல்லை. ஆனால் 2007இல் அவற்றைப் பார்த்தவர்களில் ஒருவர், பாடகர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஜர்னி என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் நீல் ஷோன். அவர் அனுப்பிய அழைப்பை யாரோ விளையாடுகிறார்கள் என்றே பினேடா முதலில் நினைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அவர் குழுவின் முதன்மைப் பாடகராக அறிவிக்கப்பட்டார். காணொளியின் வழியாக வந்த வாழ்வுகளில் நிலைத்து நின்றவற்றைப் பட்டியலிட்டால் இதை நான் முதலில் வைப்பேன். அதற்குக் காரணம் பார்வை எண்ணிக்கை இல்லை, பார்த்தவர் யார் என்பதுதான்.

பார்ப்பவரைப் பகிரவைப்பது எது?

வழி எதுவானாலும், பார்ப்பவர் நின்று பார்க்கும்படியும் அடுத்தவருக்குக் காட்டும்படியும் ஏதோ ஒன்று காணொளியில் இருந்தாக வேண்டும். ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மன் ஆகிய இரு ஆய்வாளர்கள் நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளில் எவற்றை வாசகர்கள் மின்னஞ்சலில் அதிகம் அனுப்புகிறார்கள் என்று ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரமிப்பு, கோபம், பதற்றம் போல உடம்பையும் மனத்தையும் முடுக்கிவிடும் உணர்ச்சிகளைத் தூண்டியவை அதிகம் பகிரப்பட்டன. வெறும் சோகத்தைத் தந்தவை குறைவாகப் பகிரப்பட்டன. அது எழுத்தைப் பற்றிய ஆய்வுதான் என்றாலும், நம் கைப்பேசியில் வந்து விழும் காணொளிகளைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் அதே ஒழுங்கு அங்கேயும் தெரியும். கோபத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறக்கக்கூடாது. பிடித்ததால் மட்டும் மக்கள் பகிர்வதில்லை; "இந்த ஆளைப் பாருங்கள்" என்று திட்டுவதற்காகவும் பகிர்கிறார்கள். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

எதிர்பார்ப்புக்கும் நடப்பதற்கும் இடையே உள்ள தூரம் இன்னொரு காரணம். 2009 ஏப்ரல் 11 அன்று ஒளிபரப்பான, பிரிட்டனின் தொலைக்காட்சித் திறமைப் போட்டி ஒன்றில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 47 வயது சூசன் பாயில் மேடையேறினார். தொழில்முறைப் பாடகியாவதே தன் கனவு என்று அவர் சொன்னபோது அரங்கில் பலர் சிரித்தார்கள். சிலர் கண்களைச் சுழற்றினார்கள். பாடத் தொடங்கிய சில நொடிகளில் அந்த முகங்கள் மாறின. நிகழ்ச்சியை ஒளிபரப்பியது பிரிட்டன் தொலைக்காட்சி. அதை உலகமெங்கும் கொண்டுசென்றது யூடியூபில் ஏறிய அந்தச் சில நிமிடத் துண்டு. அதில் அவருடைய குரலுக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவு இடம் நடுவர்களின், பார்வையாளர்களின் முகங்களுக்கும் இருக்கிறது. ஒரு பாட்டை மட்டுமல்லாமல், மற்றவர்கள் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வதையும் நாம் பார்க்கிறோம். அந்தக் கதைக்குத் தொடக்கமும் திருப்பமும் முடிவும் அந்தத் துண்டுக்குள்ளேயே இருந்தன.

குறுங்காணொளிக் காலத்தில் இவற்றோடு இன்னொரு பண்பும் சேர்ந்துகொண்டது: பிறர் கை வைக்க இடம் தருவது. ஸ்காட்லாந்தில் தபால்காரராக வேலை பார்த்த நேத்தன் எவன்ஸ், 19ஆம் நூற்றாண்டின் கடலோடிகள் பாடிய நாட்டுப்பாடல் ஒன்றை, மேசையைத் தட்டித் தாளம் போட்டபடி பாடி 2020 டிசம்பர் இறுதியில் டிக்டாக்கில் பதிந்தார். ஒருவரின் காணொளிக்குப் பக்கத்திலேயே தன் காணொளியையும் ஒட்டிச் சேர்ந்து பாடுவதற்கு "டூயட்" என்ற வசதி அந்தச் செயலியில் உண்டு. ஒருவர் அடித்தொண்டையில் கீழ்ச்சுருதி சேர்த்தார். அதன்மேல் இன்னொருவர் மேல்சுருதி சேர்த்தார். வேறொருவர் வயலினோடு வந்தார். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்துகிடந்தவர்கள், முன்பின் பார்த்திராத ஆட்களோடு ஒரு பாடகர் குழுவாகச் சேர்ந்தார்கள். எளிய மெட்டு, திரும்பத் திரும்ப வரும் பல்லவி, யாரும் நுழையக்கூடிய தாளம் ஆகியவை அதற்கு இடம் கொடுத்தன. இங்கே நுட்பமான ஒரு விஷயம் இருக்கிறது: சேர்ந்து பாடிய ஒவ்வொருவரும் தத்தம் வட்டத்துக்குக் காட்டியது தன்னைத்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் அவர்களோடு எவன்ஸும் போய்ச் சேர்ந்தார். 2021 ஜனவரியில் இசைப்பதிவு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அவர் வேலையை விட்டார். மார்ச்சில் அந்தப் பாடல் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்தது.

மொழியின் எல்லையும் கணக்கில் வரும். செனகலில் பிறந்து இத்தாலியில் வளர்ந்த காபி லேம், 2020 மார்ச்சில் தொழிற்சாலை வேலையை இழந்தபின் டிக்டாக்கில் காணொளிகள் போடத் தொடங்கினார். எளிதாகச் செய்யக்கூடியதைச் சுற்றி வளைத்துச் செய்து "குறுக்குவழி" என்று காட்டும் காணொளிகள் இணையத்தில் ஏராளம். யாரோ கத்தியை வைத்துக்கொண்டு வாழைப்பழத்தோலோடு மல்லுக்கட்டுவதைக் காட்டிவிட்டு, அடுத்த நொடியில் அவர் கையாலேயே அதை உரிப்பார். பிறகு இரு கைகளையும் முன்னால் விரித்து, முகத்தில் ஒரு சலிப்போடு நம்மைப் பார்ப்பார். ஒரு வார்த்தையும் பேசமாட்டார். பேசாததால் மொழிபெயர்க்கவும் தேவையில்லை. 2022 ஜூனில் டிக்டாக்கில் உலகிலேயே அதிகம் பேர் பின்தொடர்பவர் ஆனார்.

தற்செயலின் பங்கு

இத்தனை காரணங்களைப் படித்தபின், இவற்றையெல்லாம் சேர்த்துவிட்டால் புகழ் உறுதி என்று தோன்றலாம். அப்படி நினைப்பவர்கள் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் வெளியிட்ட சோதனையை அறிந்துகொள்வது நல்லது. அறிமுகமில்லாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்து, கேட்டுப் பிடித்ததைப் பதிவிறக்கிக்கொள்ளுமாறு 14,000க்கும் மேற்பட்டவர்களை அழைத்தார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்ற விவரம் காட்டப்படவில்லை. மற்றவர்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எட்டு "உலக"ங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு, தங்கள் உலகத்தில் ஒவ்வொரு பாடலும் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்ற எண்ணிக்கை தெரியும்.

எண்ணிக்கை தெரிந்த உலகங்களில், முன்னணிப் பாடல்கள் மேலும் முன்னேறின, பின்தங்கியவை மேலும் பின்தங்கின. அதைவிட முக்கியம், எந்தப் பாடல் முன்னணிக்கு வந்தது என்பது உலகத்துக்கு உலகம் மாறியது. எண்ணிக்கை தெரியாதவர்களின் தேர்வைத் தரத்தின் அளவுகோலாகக் கொண்டால் 26ஆம் இடத்தில் இருந்த ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடத்துக்கும் இன்னொன்றில் 40ஆம் இடத்துக்கும் போனது. மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போவது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அரிது. நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்தில் யார் மேலே வருவார்கள் என்பதை, தொடக்கத்தில் தற்செயலாக விழுந்த சில பதிவிறக்கங்களே பெரிதும் முடிவு செய்தன. பார்வை எண்ணிக்கையும் விருப்பக்குறியும் ஒவ்வொரு காணொளியோடும் ஒட்டிக்கொண்டே வரும் இன்றைய தளங்களில் அதே விசை இயங்குகிறது. ஆகவே, "வைரல் ஆவதற்கான ரகசியம்" என்று விற்கப்படும் பயிற்சி வகுப்புகளைச் சற்று எச்சரிக்கையோடு அணுகுவதே அறிவுடைமை. தொடர்ந்து முயல்வது வாய்ப்பின் எண்ணிக்கையைக் கூட்டும்; எந்த முயற்சி கைகொடுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாது.

காணொளியிலிருந்து மனிதருக்கு

ஒரு காணொளியைக் கோடிப் பேர் பார்த்தபின்பும் அதில் இருப்பவரின் பெயர் பெரும்பாலோருக்குத் தெரிந்திருப்பதில்லை. அந்தப் புகழ் அவர் பெயருக்கு மாற வேண்டுமானால், பார்த்தவர் அவரை மறுபடியும் பார்க்க ஒரு காரணம் வேண்டும். காபி லேமுக்கு அந்தக் காரணம் இருந்தது. சுற்றிவளைத்த குறுக்குவழிகள் இணையத்தில் தீரப்போவதில்லை, எனவே அவர் பதிலளிக்க வேண்டியவையும் தீரவில்லை. பினேடாவுக்கும் பாயிலுக்கும் எவன்ஸுக்கும் காணொளிக்கு முன்பே பல ஆண்டுகளாகப் பாடிப் பழகிய குரல் இருந்தது. காணொளி அதை வெளியே காட்டியது, அவ்வளவுதான். தடுக்கி விழுந்ததாலோ, வேடிக்கையாக ஒரு வாக்கியம் சொன்னதாலோ பெயர் பெற்றவருக்கு அடுத்த வாரம் காட்ட எதுவும் இருக்காது. மறுபடியும் தடுக்கி விழுந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

பணமும் பலர் நினைப்பதுபோல் தானாக வந்து கொட்டுவதில்லை. யூடியூபில் விளம்பர வருமானத்தில் முழுப் பங்கு பெற, ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ இருக்க வேண்டும். அந்தத் தகுதியைப் பெற்று ஒப்பந்தத்தில் சேர்ந்தபின், நீண்ட காணொளிகளின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதமும், ஷார்ட்ஸில் படைப்பாளிகளுக்கென ஒதுக்கப்படும் தொகையில் 45 சதவீதமும் சேனல்காரருக்குச் சேரும். புதிதாகத் தொடங்கிய ஒருவரின் முதல் காணொளியே பரவிவிட்டால், அவர் தகுதி பெற்று விண்ணப்பித்து ஏற்கப்படுவதற்குள் அலை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். வேறொருவர் எடுத்த காணொளியில் தோன்றியவரின் நிலை இன்னும் மோசம். பொதுவாகப் பதிப்புரிமை படம்பிடித்தவருக்கே உரியது.

உரிமை தம் கையிலேயே இருந்தவர்கள் என்ன செய்ய முடிந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2007 மே மாதம் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு தந்தை, அண்ணனின் விரலைக் கைக்குழந்தைத் தம்பி கடிக்கும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான காட்சியை, அமெரிக்காவில் இருந்த குழந்தைகளின் ஞானத்தந்தைக்குக் காட்டுவதற்காக யூடியூபில் போட்டார். மின்னஞ்சலில் அனுப்ப முடியாத அளவுக்குக் கோப்பு பெரிதாக இருந்ததே அதற்குக் காரணம். அது சில காலம் அத்தளத்திலேயே அதிகம் பார்க்கப்பட்ட காணொளியாக இருந்தது. 2021 மே மாதம் அந்தக் குடும்பம் அதை என்.எஃப்.டி. எனப்படும் மின்னணு உரிமைச் சான்றின் வடிவில் ஏலத்தில் விட்டபோது 7,60,999 டாலருக்கு விலைபோனது.

பெயர் பெற்றவர் மேல் பார்ப்பவர்கள் கொள்ளும் உறவும் விசித்திரமானது. தொலைக்காட்சியும் வானொலியும் பெருகிய காலத்தில், 1956ஆம் ஆண்டில், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர், திரையில் தோன்றுபவரோடு நேயர்கள் கொள்ளும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். திரையில் இருப்பவருக்கு நேயரைத் தெரியாது. நேயருக்கோ அவரை நெடுநாள் நண்பர்போலத் தெரியும். கைப்பேசியில், வீட்டு அறையில் எடுத்த காணொளி அந்த நெருக்கத்தைப் பல மடங்காக்குகிறது. அதனால்தான், ஒரு மாதத்துக்கு முன்பு யாரென்றே தெரியாதிருந்தவர் இன்று என்ன உடுத்தலாம், யாரை மணக்கலாம் என்றெல்லாம் அவருடைய கமெண்ட் பகுதியில் முன்பின் தெரியாதவர்கள் உரிமையோடு தீர்ப்புச் சொல்கிறார்கள். நடிகர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் இதைத் தாங்க மேலாளர்களும் வழக்கறிஞர்களும் பல ஆண்டுப் பழக்கமும் இருக்கும். திடீர்ப் புகழ் பெற்றவருக்கு இருப்பது ஒரு கைப்பேசி மட்டும்.

கேட்காமல் வந்த புகழ்

2017 மார்ச் 10 அன்று, தென்கொரிய அதிபர் பதவி நீக்கப்பட்டதைப் பற்றி, பூசன் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தம் வீட்டிலிருந்தபடி பி.பி.சி.க்கு நேரலையில் விளக்கிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு மஞ்சள் சட்டை போட்ட சிறுமி ஒருத்தி ஆட்டம்போட்டபடி உள்ளே வந்தாள். அவளைத் தொடர்ந்து நடைவண்டியில் உருண்டு வந்தது ஒரு குழந்தை. அவர்களைப் பிடித்து இழுக்கத் தரையோடு தரையாகச் சறுக்கி வந்தார் தாய். சில நாட்களில் அந்தக் குடும்பம் பத்திரிகையாளர் சந்திப்பு நடத்த வேண்டிய அளவுக்கு உலகெங்கும் அழைப்புகள் குவிந்தன. கூடவே இன்னொன்றும் நடந்தது: பார்த்தவர்களில் பலர், கொரியரான அந்தத் தாயை, அமெரிக்கரான பேராசிரியரின் வீட்டுப் பணிப்பெண் என்று எண்ணிக்கொண்டார்கள், அதையொட்டி இனம் சார்ந்த முன்முடிவுகளைப் பற்றிய நீண்ட விவாதம் எழுந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான காட்சியில் முன்கதை இருக்காது. இல்லாததைப் பார்ப்பவர் தன் கற்பனையாலும் தன் முன்முடிவுகளாலும் நிரப்பிக்கொள்வார். அந்தக் குடும்பத்துக்கு அது சிரிப்போடு முடிந்தது.

அப்படி முடியாததும் உண்டு. 2002 நவம்பரில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பள்ளி மாணவன் ஒருவன், குழிப்பந்தாட்ட (கோல்ஃப்) பந்தை எடுக்கும் நீளக் கோலை, ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாளாகப் பாவித்துச் சுழற்றிச் சண்டையிடுவதுபோல், தனக்குத்தானே படம்பிடித்துக்கொண்டான். பள்ளியில் விட்டுவந்த அந்த ஒளிநாடாவை மற்ற மாணவர்கள் கண்டெடுத்து 2003இல் இணையத்தில் போட்டுவிட்டார்கள். யூடியூப் பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது உலகெங்கும் பரவியது. இசையும் ஒளி விளைவுகளும் சேர்த்த மறுபதிப்புகள் குவிந்தன. அவற்றைச் செய்தவர்களில் பலர் அதைப் பாராட்டாகவே நினைத்திருக்கக்கூடும். அந்த மாணவன் கேலியும் வசையும் தாங்காமல் பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. குடும்பம் தொடுத்த வழக்கு 2006இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசத்தில் முடிந்தது. தனக்கு நேர்ந்ததைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேச முன்வந்தது 2013இல், பத்தாண்டுகள் கழித்து.

அன்றைக்கு இல்லாத சில வழிகள் இன்று உள்ளன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவுகளை அழிக்கக் கோரும் உரிமையை, விதிவிலக்குகளோடு, அங்குள்ளவர்களுக்குத் தருகிறது. உலகில் எங்கிருப்பவரானாலும், தம் ஒப்புதலின்றித் தம்மை அடையாளம் காட்டும் காணொளியைப் பற்றி யூடியூபில் அந்தரங்க உரிமை முறையீடு செய்யலாம். வழக்கமாகத் தளம் முதலில் ஏற்றியவருக்கு 48 மணி நேர அவகாசம் கொடுத்து, அவரே நீக்கவோ முகத்தை மறைக்கவோ வாய்ப்பளிக்கும். அதன்பிறகு காட்சியின் பொதுநலனையும் செய்தி மதிப்பையும் எடைபோட்டுத் தானே முடிவெடுக்கும். ஆனால் ஒரு காணொளியின் மறுபதிவுகளைத் தானாகத் தேடிப் பிடித்துக் காட்டும் வசதிகள் பதிப்புரிமையை மையமாகக் கொண்டே உருவாக்கப்பட்டவை. ஆகவே அவை முதலில் உதவுவது படம்பிடித்தவருக்கு. படத்தில் அகப்பட்டுக்கொண்டவர், தளம் தளமாக, பிரதி பிரதியாகத் தாமே தேடி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முறையிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.